இதுவா, முந்தினதா

கல்கிசையில், காலி வீதியில்,
மருந்துக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே
எனது கண்ணாடிக் கடை.
வில்லைகளை மாற்றி மாற்றி வைத்துக் கேட்பேன்:
இது தெளிவா, முந்தினது தெளிவா?
கொழும்புக்கு வந்து இருபத்தாறு வருடமாய்
இதே கேள்வி.

மகள் ஆரபி ஐந்து வயதில்
எழுத்துப் பலகையின் கடைசி வரியை முடித்துவிட்டு
அதற்கும் கீழே
அச்சகத்தின் பெயரை வாசித்தாள்.
அன்றே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இப்போது இரத்மலானையில் பறக்கப் படிக்கிறாள்.
கட்டணம் மணிக்கணக்கில்.
நான் பிரேமில் கணக்கு வைக்கிறேன்:
ஒரு மணி நேர வானத்துக்குப் பதினான்கு பிரேம்,
அதுவும் யாரும் விலை குறைக்கச் சொல்லிக் கேட்காவிட்டால்.
குளியலறைக்கு டைல்ஸ் பதிப்பதை
சுகிர்தா மூன்றாம் முறையும் தள்ளிப்போட்டாள்.
வெடித்த சீமெந்தில் கால் கழுவும்போது
"இது ஏழு மணித்தியாலம்" என்பாள்,
தரையைக் காட்டி.

முதல் மாதம் முழுக்க வாந்தி.
வானிலைப் பரீட்சையில் ஒருமுறை கோட்டை விட்டாள்.
மேகங்களின் பெயர்களை ஃபிரிட்ஜில் ஒட்டினோம்;
பால் எடுக்கப் போய்ப் போய் நானும் பாடமாக்கிவிட்டேன்.
தொலைபேசியில் யாராவது பெயர் சொன்னால்
டெல்டா, எக்கோ என்று எழுத்துக் கூட்டித் திருப்பிச் சொல்கிறேன்.
கடைப் பையன் நுவன்
கல்லாவுக்குப் பின்னால் குனிந்து சிரிக்கிறான்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.
கண்ணைவிட எனக்குக் காதுதான் கூர்மை.
பதினைந்து வயதில், கொடிகாமத்தில்,
சத்தத்தை வைத்தே சொல்லுவேன்,
இது பொம்பர், இது சகடை, இது சும்மா போகுது என்று.
அதன்படி பங்கருக்குள் பாய்வோம்,
அல்லது பந்தைத் தேடி எடுத்து
விட்ட இடத்தில் தொடர்வோம்.
அவை எங்கிருந்து கிளம்பின என்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.
இப்போது தோன்றுகிறது. கேட்பதில்லை.

அதே காதுதான் இன்று
கடல் பக்கமாய் வளைந்து வரும் சின்னச் செஸ்னாவை
காலி வீதி ஹோர்ன்களுக்குள்ளிருந்து
பொறுக்கித் தருகிறது.
என் உடம்பு இன்னமும் அரை நொடி
மேசைக்கு அடியில் பார்க்கிறது.
பிறகு வெட்கப்பட்டு நிமிர்கிறது.
பிறகு, இதை எப்படிச் சொல்ல,
நெஞ்சு சட்டைப் பொத்தானுக்குள் அடங்குவதில்லை.

செவ்வாய்க்கிழமை, பதினொன்றேகால்.
நாற்காலியில் மிஸிஸ் வீரகோன்.
இதுவா, முந்தினதா என்று கேட்டுக்கொண்டிருக்க
சத்தம் வந்தது, தாழ்ந்தது, நின்றுபோனது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
திரும்ப எழும்பியபோது
எஞ்சினில் ஏதோ ஓர் இலகு,
கனத்த பயணி இறங்கிய ஓட்டோ
மேட்டில் ஏறுவது மாதிரி.
பயிற்றுநர் பெருத்த மனுஷன்.
எனக்குத் தெரியும்; அவருக்கு ரீடிங் கிளாஸ்
நான்தான் செய்து கொடுத்தேன்.

"அவர் இறங்கிட்டார்" என்றேன், தமிழிலேயே.
"யார்?" என்றார் மிஸிஸ் வீரகோன், சிங்களத்தில்,
ஒரு கண்ணை மூடியபடி.

இரவு லொக்புக்கைக் கொண்டுவந்து விரித்தாள்.
வாசலில் சப்பாத்து இன்னும் காயவில்லை;
கூட்டாளிகள் வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றினார்களாம்.
நேரம்: பன்னிரண்டு நிமிடம்.
கப்டன் பெயர் எழுதும் கட்டத்தில்
பக்கம் பக்கமாய் அந்தப் பெருத்த மனுஷன்.
கடைசி வரியில் மட்டும்
அவள் கையெழுத்தில்: செல்ஃப்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு
மறுபடி வாசித்தேன்.

"இறங்கேக்க ஒரு குதி குதிச்சிட்டுதப்பா. கேட்டதோ?"
"அவ்வளவு தூரம் கேக்காது" என்றேன்.

குளியலறைக்குள்ளிருந்து சுகிர்தா:
"பன்னிரண்டு நிமிஷம் எத்தனை பிரேம்?"
மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு.

மிஸிஸ் வீரகோனுக்கு நான் எழுதிய பவர்
பிழை.
வியாழக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன்.